சும்மா தோற்க ஓர் இடம்

தமிழ்நாட்டில் செஸ் கொடிகட்டிப் பறக்கிறது என்று யாராவது பேச்செடுத்தால் நான் கேட்பது ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து, முகம் கழுவி, காபி குடித்த பிறகு ஒரு ஆட்டம் போடலாமே என்று தோன்றுகிறது. உங்கள் ஊரில் எங்கே போவீர்கள்? கேட்டவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அகாடமி ஒண்ணு இருக்கு, பையனுக்கா பொண்ணுக்கா?" என்பார். எனக்குத்தான் என்றால் ஒரு சிரிப்பு. "உங்களுக்கு எதுக்கு சார், போன்லயே ஆடலாமே." இந்தப் பதில் வெகுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. கிரிக்கெட் ஆட ஆசைப்படும் நாற்பது வயதுக்காரரை யாரும் இப்படிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மைதானத்துக்குப் போனாலும் தொப்பையோடு பந்து வீசுகிறவர்களைப் பார்க்கலாம். செஸ் மட்டும் எப்படியோ குழந்தைகளின் சொத்தாகிவிட்டது.

குறை சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தோம். 2024-ல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இரண்டு தங்கம், அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன். இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் நம் மாநிலத்துக்காரர்கள். இவ்வளவும் இருக்கும்போது என்ன ஐயா உன் பிரச்சினை என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான்.

என் பிரச்சினை தாழ்வாரத்தில் இருக்கிறது. மகளோடு குழந்தைகள் போட்டிகளுக்குப் போய்வந்த காலத்தில் பார்த்தது. ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம், நீளநீளமான மேஜைகள், பச்சை வெள்ளை வினைல் விரிப்புகள், ஏழு வயதுக்குட்பட்டோர், ஒன்பது வயதுக்குட்பட்டோர் என்று வரிசை வரிசையாகச் சிறுசுகள். ஆர்பிட்டர், அதாவது நடுவர், மைக்கில் பெற்றோரை வெளியே போகச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருப்பார். அப்புறம் கதவு சாத்தப்படும். வெளியே தாழ்வாரத்தில் அப்பா அம்மாக்கள், தாத்தாக்கள், தண்ணீர் பாட்டில்கள், எலுமிச்சை சாதம் கட்டிய டப்பாக்கள். ஜன்னல் கம்பி வழியாக எட்டிப் பார்க்க ஒரு தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் ஒருநாள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர் போனில் ஏதோ மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால் மூன்று நிமிட பிளிட்ஸ், அதிவேக செஸ். நன்றாகவே ஆடினார். "நேர்ல ஆடுவீங்களா?" என்றேன். "காலேஜ்ல ஆடினது சார். இப்ப எங்க?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்தை அமுக்கினார். உள்ளே நூற்றுக்கணக்கான பலகைகள், வெளியே ஆடத் தெரிந்த பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து முகம் தெரியாத யாரோடோ ஆடிக்கொண்டிருக்கிறார்.

உள்ளே இருக்கும் பிள்ளைகளும் நிலையில்லை. பதினோரு வயதுப் பிரிவில் இருக்கும் கூட்டம் பதினைந்து வயதுப் பிரிவில் இருக்காது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும், "போதும், பத்தாவது முடியட்டும்" என்பார்கள். பத்தாவது முடிந்தால் பன்னிரண்டாவது, நீட், கல்லூரி, வேலை. பெரிய ஆட்டக்காரராக வரப்போகும் ஒருசிலருக்கு வழி இருக்கிறது. மற்றவர்கள் விட்டுவிடுகிறார்கள். விட்டதில் தப்பில்லை. முப்பது வயதில் திரும்ப வரலாம் என்று தோன்றும்போது வருவதற்கு ஒரு வாசல் இல்லை என்பதுதான் பிரச்சினை.

பொன்மலைக் கணக்கு

அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. சாயங்காலம் சங்கு ஊதி, சைக்கிள் கூட்டம் கலைந்த பிறகு ஊழியர்களுக்கான மன்றத்தில் விளக்குப் போடுவார்கள். கேரம் போர்டைச் சுற்றித்தான் கூட்டம். செஸ்ஸுக்கு மூலையில் இரண்டு மேஜை, மரக்காய்கள், ஒரு குதிரைக்குக் காது உடைந்திருக்கும். கடிகாரம் கிடையாது. அங்கே ஒரு ஃபிட்டர் ஆடுவார். விரல் இடுக்கில் எப்போதும் கிரீஸ் இருக்கும், வெள்ளைக் காய் ஆடினால் இரண்டு நாளைக்கு அது வெள்ளையாக இருக்காது. நான் யானையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தால், "தொட்ட காய் எடுக்கணும் தம்பி" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சே இல்லை. தோற்றவர் டீ வாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பள்ளிக்கூடத்துப் பையன் என்பதால் என் டீயை அவர் ஒரு சிகரெட் அட்டையில் கோடு போட்டுக் கணக்கு வைத்தார், வேலைக்குப் போனதும் தீர்க்கச் சொன்னார். 1988-ல் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தி வந்தபோது அந்த மூலையில் எல்லோரும் இரண்டு நாள் அதையே பேசினார்கள். என் கடன் அப்போதே கணிசமாக ஏறியிருந்தது.

அந்தக் காலத்தில் நாங்கள் பொறாமையோடு பேசிய பெயர் சென்னையின் தால் செஸ் கிளப். இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் 1972-ல் சோவியத் கலாச்சார மையத்தில் தொடங்கியது. உலகப் பட்டத்துக்காக பிஷர், ஸ்பாஸ்கி ஆட்டம் நடந்த அதே வருடம். சிறுவன் ஆனந்த் அங்கே போய் பிளிட்ஸ் ஆடியதை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். ஜெயித்தவர் பலகையிலேயே உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். காத்திருக்கப் பிடிக்கவில்லையா, ஜெயித்துக்கொண்டே இரு. ஆனந்தின் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். அவ்வளவு பெரிய இடத்துக்கும் எங்கள் பொன்மலை மூலைக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. இரண்டிலும் தோற்பதற்கு ஒரு சின்ன விலை இருந்தது. அங்கே வரிசை, இங்கே டீ.

இன்று விலை இரண்டு மாதிரிதான் இருக்கிறது. ஒன்று, மிக அதிகம். நான் ரேட்டிங் போட்டிகளுக்கு, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைச் சொல்லும் புள்ளி ஏறி இறங்கும் போட்டிகளுக்கு, திரும்பப் போனபோது என் எதிரே உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் கால் தரையைத் தொடவில்லை. பெரியவர்களுக்கு இது ஏன் கசக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரேட்டிங் போடும் எலோ கணக்கில் கே என்று ஒரு பெருக்கல் எண் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, 2300-க்குக் கீழே இருக்கும் வரை, அது 40. என்னைப்போல் ரேட்டிங் நிலைத்துவிட்ட சாதாரணப் பெரியவருக்கு 20. ஒரே ரேட்டிங்கில் இருக்கும் பையனிடம் நான் தோற்றால் எனக்கு 10 புள்ளி போகும், அவனுக்கு 20 வரும். இதில் தப்பில்லை, பிள்ளைகள் வேகமாக முன்னேறுகிறார்கள், ரேட்டிங்கும் ஓட வேண்டுமே. ஆனால் எவ்வளவு ஓடினாலும் அவர்களின் உண்மையான பலத்துக்கு அது பின்னால்தான் வருகிறது. 1450 என்று எழுதியிருக்கும் குழந்தை 1800 பலத்தில் ஆடும். 1700-ல் இருப்பவர் அதனிடம் தோற்றால் ஒரே ஆட்டத்தில் 16 புள்ளி காலி. நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதற்கு மேல் இது. உலக செஸ் சம்மேளனமான ஃபிடே 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்தவர்களின் ரேட்டிங்கைத் தூக்கிவிட்டு, அடிமட்டத்தையும் 1000-லிருந்து 1400-ஆக உயர்த்தியது. நல்ல காரியம்தான். ஆனால் பத்து வயதுக் குழந்தையிடம் தோற்றுவிட்டு ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போடும் நாற்பது வயதுக்காரரின் முகத்தை எந்தச் சூத்திரமும் சரி செய்யாது. அவர் அடுத்த போட்டிக்கு வருவதில்லை.

இன்னொரு பக்கம், விலையே இல்லை. போனில் தோற்றால் ஒரு பொத்தான், அடுத்த ஆள். யாரிடம் தோற்றோம் என்று பெயர்கூட நினைவிருக்காது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வரிசையாக எட்டு ஆட்டம் தோற்றுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் என் நண்பர்களிலேயே இருக்கிறார்கள். கோபம் வருகிறது, பாடம் எதுவும் வருவதில்லை. மன்றம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் விலை என்று எனக்குப் படுகிறது. தோற்றால் கொஞ்சம் உறைக்க வேண்டும், ஆனால் அடுத்த வாரம் வராமல் இருக்கும் அளவுக்கு உறைக்கக் கூடாது.

டைப்ரைட்டிங் மேஜைகள்

திருச்சியில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாரம் ஒருநாள் ஆடலாம் என்று முடிவு செய்தபோது முதல் தலைவலி இடம். 'மன்றம்' என்று சொன்ன உடனே வீட்டுக்காரர்கள் முகம் மாறும். மனமகிழ் மன்றம் என்ற பெயரில் நம் ஊரில் என்னென்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். "சீட்டு ஆடுவீங்களா?" இல்லை. "குடிப்பீங்களா?" இல்லை. "அப்ப என்னதான் பண்ணுவீங்க?" நாலைந்து ஆண்பிள்ளைகள் சீட்டும் இல்லாமல் குடியும் இல்லாமல் ஒரு மாடியில் இரண்டு மணி நேரம் என்ன செய்வார்கள் என்பது அவர்களுக்குப் பிடிபடவே இல்லை. டியூஷன் சென்டர்கள் சாயங்காலம் நிரம்பி வழியும். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் கட்டுப்படியாகாது.

கடைசியில் கிடைத்தது ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடி. அரசு வேலைக்காக லோயர், ஹையர் எழுதுகிறவர்கள் இருக்கும்வரை நம் ஊரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சாகாது. கடைசி பேட்ச் ஏழரைக்கு முடியும். அதற்கப்புறம் எங்களுடையது. மேஜைகள் டைப்ரைட்டருக்காகச் செய்தவை, குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். செஸ் விரிப்பைப் போட்டால் ஏ வரிசையும் ஹெச் வரிசையும் ஓரத்தில் தொங்கும். ஓரத்து யானைகள் இரண்டும் எப்போதும் ஒரு சரிவில் நிற்கும். மெஷின்களைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு ஆட வேண்டும், முடிந்ததும் திரும்பத் தூக்கி வைக்க வேண்டும். பழைய ரெமிங்டன் என்ன கனம் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும்.

நண்பர் ஒருவருக்குத் தொடக்கத்திலிருந்தே வேறு யோசனை. ஒரு திறப்பு விழா, ஒரு பிரமுகர், பொன்னாடை, ஃபிளெக்ஸ், முதல் மூன்று இடத்துக்குக் கோப்பை. "ஆள் வரணும்னா ஏதாவது காட்டணும்" என்பார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. கோப்பைக்காக வருகிறவர் கோப்பை கிடைக்காது என்று தெரிந்ததும் போய்விடுவார், அதைத்தான் ஒவ்வொரு வாரமும் தாழ்வாரத்தில் பார்க்கிறோமே. விழா வேண்டாம், செவ்வாய் ஏழரை என்றால் மழை பெய்தாலும் தீபாவளிக்கு முந்தின நாள் என்றாலும் கதவு திறந்திருக்க வேண்டும், அது போதும் என்றேன். வந்தவர் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனால் அவர் மறுபடி வருவது கடினம். இதில் மட்டும் நாங்கள் பிடிவாதமாக இருந்தோம்.

போனிலேயே ஆடிப் பழகியவர்கள் முதன்முதலாகப் பலகைக்கு வரும்போது நடப்பதைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை அமுக்க மறந்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எதிராளியின் நேரம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும்போது ஓடுவது தன்னுடையது. தட்டையான திரையில் மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பக்கவாட்டில் நிற்கும் காய்கள் ஒன்றையொன்று மறைக்கும். தூரத்து மூலையிலிருந்து குறுக்காகப் பாயும் பிஷப் கண்ணிலேயே படாது. ராணியைக் கொடுத்துவிட்டு, "இது போன்ல தெரிஞ்சிருக்கும் சார்" என்பார்கள். தெரிந்துதான் இருக்கும்.

இருந்தும் பல மாதங்கள் இது ஒரு மன்றமாக ஆகவில்லை. நாலைந்து பெரியவர்கள் ஒரு பக்கம் முறைத்துக்கொண்டு ஆடுவோம். அகாடமிப் பிள்ளைகள் சிலர் வருவார்கள், அவர்களுக்குள்ளேயே ஆடுவார்கள். கூட வந்தவர்கள் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். புதிதாக யார் வந்தாலும் முதல் கேள்வி, "ரேட்டிங் வருமா?" வராது என்றால் அடுத்த வாரம் அவரும் வர மாட்டார். தாழ்வாரத்தை விட்டு வெளியே வந்ததாக நினைத்தோம், அது எங்கள் மாடிப்படிக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

ராஜா தாவிய சாயங்காலம்

அன்றைக்கு வந்தவர்கள் ஒற்றைப்படை. ஒரு பையனுக்கு ஆள் இல்லை. பன்னிரண்டு வயது, நல்ல ரேட்டிங், அதற்கேற்ற தோரணை. படியில் இன்னொரு சிறுவனின் தாத்தா உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, மடியில் காய்கறிப் பை. "ஐயா, ஆடுவீங்களா?" என்று சும்மாதான் கேட்டேன். "ஆடுவேனே, ரொம்ப நாளாச்சு" என்று பையைப் படியிலேயே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பையன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிக் கடிகாரத்தைத் தட்டினான். தாத்தா அதைப் பார்த்தார். "என்னப்பா, ரெண்டு கட்டம் வைக்கிற?" என்றார். பையன் என்னைப் பார்த்தான். அவர் தன் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். ஏழெட்டு நகர்வு போனதும், பையன் ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுபோய் யானையைத் தாண்ட வைத்துக் கோட்டை கட்டினான். தாத்தா, "ஓ, நீ அப்படிப் பண்றியா" என்று சொல்லிவிட்டு, தன் ராஜாவைத் தூக்கிக் குதிரை மாதிரி தாவ வைத்து ஒரு மூலையில் பத்திரமாக உட்கார வைத்தார்.

"அங்கிள், இல்லீகல் மூவ்!" பையன் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான், போட்டியில் ஆர்பிட்டரைக் கூப்பிடுகிற மாதிரி. எல்லோரும் திரும்பினோம். தாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "செக் படாத ராஜாவுக்கு ஒரு தடவை குதிரைத் தாவல் உண்டே. நாங்க அப்படித்தானே ஆடுவோம்" என்றார். பையன் ஏதோ கெட்ட வார்த்தையைக் கேட்டது போலப் பார்த்தான்.

தாத்தா சொன்னது சரி. ஐரோப்பிய விதி வருவதற்கு முன்னால் இந்த நாட்டில் ஆடியது அப்படித்தான். சிப்பாய் ஒரு கட்டம்தான் நகரும், கோட்டை கட்டுவது கிடையாது, பதிலாக ராஜாவுக்கு ஒரே ஒரு தாவல். கடைசிக் கட்டம் போய்ச் சேரும் சிப்பாய் இஷ்டத்துக்கு ராணி ஆகிவிட முடியாது, அந்தக் கட்டத்தில் எந்தக் காய் நிற்குமோ அதுவாகத்தான் மாறும். ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். பஞ்சாபிலிருந்து 1929-ல் இங்கிலாந்துக்குப் போன சுல்தான் கான் இந்த ஆட்டத்தில் வளர்ந்தவர். ஐரோப்பிய விதியைப் பெரியவரான பிறகு கற்றுக்கொண்டு, இங்கிலாந்து போய்ச் சேர்ந்த அதே வருடமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், அப்புறம் 1932, 1933-லும். ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் காப்பபிளாங்காவையே தோற்கடித்தார். ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல், அவர் இறந்து ஐம்பது வருடங்களுக்கும் மேல் கழித்து. இந்தக் கதையைப் பையனிடம் சொன்னேன். காப்பபிளாங்கா பெயர் அவனுக்குத் தெரிந்திருந்தது, அதனால் தாத்தாவுக்கும் கொஞ்சம் மரியாதை கிடைத்தது.

அப்புறம் ஒருவர் சொன்னார், "சரி, அவர் விதியிலேயே ஒண்ணு ஆடிப் பாரேன்." பையனுக்கு இஷ்டமில்லை, ஆனால் மற்ற பலகைகள் எல்லாம் நின்றுபோய் கூட்டம் கூடிவிட்டது. ஆடினான். அவன் மனப்பாடம் செய்திருந்த எந்தத் தொடக்க நகர்வு வரிசையும் அங்கே செல்லுபடியாகவில்லை. சிசிலியனும் இல்லை, கிங்ஸ் இந்தியனும் இல்லை. முதல் பத்து நகர்வுக்குள் யோசிக்க ஆரம்பித்தான், நான் பார்த்தவரை முதன்முறையாக. தாத்தா நிதானமாக, ஒவ்வொரு காயையும் கட்டத்தின் நடுவில் அழுத்தி வைத்து ஆடினார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், போட்டியில் இது நடந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். பையனின் சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது, ராணி எடுக்கக் கையை நீட்டினான். "அது குதிரைக் கட்டம்பா, குதிரைதான்" என்றார் தாத்தா. சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. பையன் தோற்றான். அவன் அப்பா, அதுவரை படியில் இருந்தவர், எப்போது உள்ளே வந்தார் என்று யாருக்கும் தெரியாது. மகன் தோற்றதைப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பையனும் சிரித்தான். போட்டிகளில் தோற்றுவிட்டு வெளியே வரும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அது வேறு முகம். அடுத்து தாத்தா எங்கள் விதியில் அவனிடம் ஆடி, இருபது நகர்வுக்குள் மேட் ஆகி, அதே சந்தோஷத்தோடு எழுந்தார்.

அன்றைக்கு அந்தத் தோல்விக்கு ரேட்டிங் கணக்கு எதுவும் கிடையாது, ஏனென்றால் எந்த ரேட்டிங்கிலும் சேராத ஆட்டம். பதிவு இல்லை, கோப்பை இல்லை. ஆனால் பத்துப் பேர் பார்த்தார்கள், அடுத்த வாரம் கிண்டல் செய்தார்கள், அவன் பதிலுக்குத் தாத்தாவைத் தேடி வந்தான். அடுத்த செவ்வாய் முதல் ஒரே ஒரு சட்டம் போட்டோம். படியில் யாரும் உட்காரக் கூடாது. பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள், இல்லை உள்ளே வந்து ஆடுங்கள். ஆடத் தெரியாது என்றால் கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் பிள்ளையே. பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர்தான் இன்றைக்கு எங்கள் மன்றம். போனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், கல்லூரியோடு விட்டவர்கள், ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், மகளிடமிருந்து காய் நகர்த்தக் கற்றுக்கொண்ட ஒரு மளிகைக்கடைக்காரர். ஆளைத் தேடி எங்கேயும் போகவில்லை, படியிலேயே இருந்தார்கள்.

வரிசையும் வாதமும்

தால் கிளப் பாணியில் ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கும் முறையையும் வைத்துப் பார்த்தோம். உற்சாகமாகத்தான் தொடங்கியது. ஆனால் பலசாலி இரண்டு பேர் மேஜையை விட்டு எழவே இல்லை, மற்றவர்கள் வரிசையில் நின்று தோற்று, திரும்ப வரிசைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எண்பதுகளின் மெட்ராஸில் தோற்றவருக்குப் போக வேறு இடம் இல்லை, அதனால் நின்றார். இன்று தோற்றவரின் சட்டைப்பையில் ஐந்து நொடியில் ஆள் கிடைக்கும். வரிசையில் நிற்கும் நேரத்தில் போன் வெளியே வந்துவிடுகிறது, போன் வந்தால் ஆள் போன மாதிரிதான். அதனால் இரண்டு தொடர்ந்து ஜெயித்தால் எழுந்துவிட வேண்டும் என்று மாற்றினோம். பலசாலிகளுக்குக் கொஞ்சம் வருத்தம். இருக்கட்டும்.

ஆட்டத்தை அலசிச் சொல்லும் கணினி எஞ்சினையும் அறைக்குள் திறக்கக் கூடாது என்றோம், இதற்குத்தான் பிள்ளைகளிடம் அதிக எதிர்ப்பு. ஆட்டம் முடிந்த நொடியில் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினைத் திறந்து, "பிளஸ் மூணு இருந்துச்சு, விட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. காய்களைத் திரும்ப அடுக்கி, "இங்க நீ பிஷப்பை வெட்டியிருந்தா?" என்று ஆரம்பித்து, வாத்தியார் "யானை சிப்பாய்க்குப் பின்னாடி நிக்கணும்டா, முன்னாடி இல்ல" என்று தலையிட்டு, மளிகைக்கடைக்காரர் அதை மறுத்து, அது தப்பு என்று நிரூபிக்க இன்னொருவர் உட்கார்ந்து, மணி ஒன்பதரை ஆகும். அதில் பாதி விஷயம் எஞ்சினைக் கேட்டால் தவறாக இருக்கலாம். பரவாயில்லை, வீட்டுக்குப் போய்க் கேட்கட்டும். தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே பக்கமாக உட்கார்ந்து பலகையைப் பார்ப்பது அந்த அரைமணியில்தான் நடக்கிறது.

பயிற்சியாளர்கள் சிலருக்கு நாங்கள் செய்வது பிடிக்கவில்லை. கண்ட ஆட்டமும் ஆடினால் பிள்ளைகளின் ஒழுங்கு கெட்டுவிடும் என்கிறார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஒரு பிள்ளையை மாநிலப் போட்டிக்குத் தயார் செய்கிறவருக்கு எங்கள் மாடி இடைஞ்சல்தான். ஆனால் அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் விட்டபிறகு அவருக்கு அதன்மேல் வேலை இல்லை, எங்களுக்கு அதற்குப் பிறகும் இருக்கிறது. அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டென்றால் புதிய அகாடமி வேண்டாம், மாவட்ட நூலகங்களில் ஒரு கூடத்தை வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒன்பது மணி வரை திறந்து வைத்தால் போதும். மேஜை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது. பத்து வினைல் விரிப்பும் காய்களும் ஒரு கோப்பையின் விலைக்கு மேல் பெரிதாகப் போகாது.

கழிப்பறை என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் மாடியில் பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை கிடையாது. சிறுமிகள் வருகிறார்கள், பன்னிரண்டு பதின்மூன்று ஆனதும் ஏழரை மணி என்றால் வீட்டில் யோசிக்கிறார்கள். இரண்டு அம்மாக்கள் ஒழுங்காக வந்து ஆடுகிறார்கள், ஒருவர் என்னை அடித்துத் துவைக்கிறார், ஆனால் எட்டே காலுக்குக் கிளம்பியாக வேண்டும், ராத்திரிச் சாப்பாடு அவர் தலையில். மேட் ஆகும் நிலையில் இருந்த நான் இந்தக் காரணத்தால் தப்பித்ததும் உண்டு. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மாற்றலாம் என்று அவர்கள் கேட்டார்கள். சனிக்கிழமை கடை வியாபாரம், வர முடியாது என்கிறார் மளிகைக்கடைக்காரர். இரண்டு நாளும் வைக்கலாம் என்றால் இரண்டு நாளும் கதவு திறக்க ஆள் வேண்டும், செவ்வாயை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இதில் இன்னும் சண்டைதான், முடிவு வரவில்லை.

இதற்கிடையில் தட்டச்சுத் தேர்வுக் காலம் வந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். பயிலகத்தில் ராத்திரி பத்து வரை சிறப்பு பேட்ச் ஓடுகிறது, ஒரு மேஜைகூட காலியில்லை. சில வாரங்களுக்கு நாங்கள் கீழே டீக்கடை பெஞ்சில். கடைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், ஆனால் கறாராகப் பேசிவிட்டார். ஒரு பலகைக்கு மணிக்கு நாலு டீ, தோற்றவர் காசு கொடுத்துவிட்டுத்தான் எழ வேண்டும், கடன் கணக்கெல்லாம் கிடையாது.